தினம் ஒரு வீடியோ, சரி... காசு?

'தினம் ஒரு வீடியோ போட்டால் வருமானம் தானாக வரும்' என்கிறார், யூடியூப் வருமானம் பற்றி எழுதிய கட்டுரையாளர். எனக்குக் கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை. புளியரை செக்போஸ்ட், ஆரியங்காவு மலைப்பாதை என்று மூணு வருஷமா வீடியோ போடுகிறேன். யூடியூபில் 1,000 சப்ஸ்கிரைபரும், கூடவே 12 மாசத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் (குட்டி வீடியோ) பார்வையோ சேர்ந்தால்தான் விளம்பர வருமானத்தில் பங்கு. தினம் போடணுமே என்ற அவசரத்தில் ஷார்ட்ஸாகவே தள்ளினேன். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்ப்பது அந்த 4,000 மணியில் சேராது என்பது (முதலிலேயே படித்திருக்கலாம், என் சோம்பல்) எட்டு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. சாரலில் லென்ஸை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து, கழுதுருட்டி 13 கண் பாலத்தில் ரயில் வரும்வரை நின்று எடுத்த 22 நிமிஷ வீடியோ ஒன்றுதான் இன்னும் ஓடுகிறது. அதற்கும் பாதி கமெண்ட் மலையாளத்தில்தான்!