காலியாகப் போகிற கோச்சி

2025 பெப்ரவரி. நேற்றுக் காலை ஒன்பது பத்துக்கு முதலாவது ரயில் போனது. ஒன்பது இருபத்தெட்டுக்கு இரண்டாவது. மூன்றாவது எத்தனை மணிக்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரம் அம்மாவின் கையுறையைக் கழற்றி, விரல்களை என் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டு நின்றேன். மூன்றும் காலி. உள்ளே முழு விளக்கும் எரிகிறது, இருக்கைகள் புத்தம் புதிதாக இருக்கின்றன, சாரதியைத் தவிர ஒரு மனிசர் இல்லை. வெளியே மைனஸ் 14, நடைபாதை ஓரம் இடுப்பளவு ஸ்னோ, அதற்குள் கால் புதைத்தபடி நாங்கள் பதினொரு பேர் 34ஆம் இலக்க பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

ரொறன்ரோவில், இன்னும் திறக்காத புது ரயில் பாதை போகிற எக்ளின்ரன் வீதியின் கிழக்கில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அம்மாவுக்கு எழுபத்திநாலு வயது. யங் சந்திக்குப் பக்கத்தில் கண் வைத்தியரிடம் பத்தரைக்கு நேரம் எடுத்திருந்தோம், எடுத்தது போன செப்டெம்பரில். காரை எடுக்கலாம்தான், ஆனால் அங்கே நிறுத்த இடமில்லை, கண்ணுக்கு மருந்து விட்ட பிறகு அவரை நாலு தெரு நடத்திக் கூட்டிவரவும் முடியாது. அதனால் பஸ். பேர்ச்மவுண்ட் சந்தியில் ஒன்பது மணிக்கே போய் நின்றோம். வீதிக்கு நடுவில் புதுத் தண்டவாளம், மேடை, கண்ணாடித் தடுப்பு, பெயர்ப்பலகை, எல்லாம் கட்டி முடிந்து கிடக்கிறது. காற்று வராமல் நிற்பதற்கு ஒரு இடம் எங்கள் கண்ணுக்கு முன்னால் பூட்டிக் கிடக்க, நாங்கள் வீதி ஓரத்தில் காற்றுக்குள் நிற்கிறோம்.

முதலாவது வந்தபோது அம்மா கையைக் காட்டிவிட்டார். பஸ்ஸை மறிப்பதுபோல வடிவாகக் கையை நீட்டி மறித்தார். அது போய்விட்டது.

"தம்பி, இந்தக் கோச்சி ஏன் நிக்காமப் போகுது?"

"அது இன்னும் திறக்கேல்லை அம்மா. சோதிச்சுப் பாக்கினம்."

"போன வருசமும் சோதிச்சவைதானே?"

போன வருடமும் சோதித்தார்கள். அதற்கு முந்தின வருடமும் சோதித்தார்கள். வண்டிகள் வந்து சேரத் தொடங்கியது 2019இல். ஆறு வருடமாக நிற்கிற வண்டிகளும், அவற்றுக்குப் பக்கத்தில் ஆறு வருடமாக நிற்கிற நாங்களும்.

ஒன்பது நாற்பதுக்கு 34 வந்தது. நிரம்பி வழிந்தது. சாரதி கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனார், அவரில் எனக்குக் கோபம் இல்லை. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொன்று வந்து, ஸ்னோக் குவியலுக்கு அப்பால், நடுப்பாதையிலேயே கதவைத் திறந்தது. அம்மா அந்தக் குவியலில் ஏற வேண்டும். முழங்கால் மாற்றிச் சிகிச்சை செய்த அம்மா. பின்னால் நின்ற ஒரு பிலிப்பினோப் பிள்ளை ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் பிடிக்க, நடுவில் அம்மா "விழுத்திப் போடாதையுங்கோ, விழுத்திப் போடாதையுங்கோ" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். ஏறி உள்ளே போய்த் திரும்பிப் பார்க்கிறேன், எங்களுக்குப் பக்கத்தில், அதே சிவப்பு விளக்கில், இன்னொரு காலிக் கோச்சி. நாலாவது. எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, அது குளிரால் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பத்து ஐம்பத்தைந்துக்கு. வரவேற்பு மேசையில் இருந்த பெண், பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிந்தினால் பார்க்க மாட்டோம் என்றார். அடுத்த நேரம் மே மாதம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 19 கிலோமீற்றர், 25 நிலையங்கள். 2011 நவம்பரில் அமைச்சர்கள் மண்வெட்டியோடு நின்று படம் எடுத்தபோது எங்கள் மகள் என் மனைவியின் வயிற்றில். இப்போது அவள் ஏழாம் வகுப்பு. 2020இல் ஓடும் என்றார்கள், இதைக் கட்டுவிக்கிற மாகாண அரசின் ஆட்கள். பிறகு 2021. பிறகு 2022. பிறகு 2023. அதன் பிறகு வருடம் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள், திறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன்னம் அறிவிப்போம் என்றார்கள். 2025 பெப்ரவரி வந்தும் ஒரு திகதி சொல்லவில்லை. 2023 ஏப்ரலில், வேலையில் 260 குறைபாடுகள் இருக்கின்றன என்று அவர்களே சொன்னார்கள். சில இடங்களில் தண்டவாளமே அளவுக்கு வெளியே போடப்பட்டிருந்ததாம். தண்டவாளத்தைச் சரியான அகலத்தில் போடுவதுதானே ரயில் பாதை என்கிற வேலையின் முதல் பாடம்? 13 பில்லியன் டொலர் அளவில் செலவழித்துவிட்டு அந்த முதல் பாடத்தையே பிழைவிட்டால் யாரைக் கேட்பது? ஒப்பந்தக்காரர் அரசைக் காட்டுகிறார், அரசு ஒப்பந்தக்காரரைக் காட்டுகிறது, நீதிமன்றத்தில் வழக்கு. பஸ்ஸுக்கு நிற்கிற நாங்கள் அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை.

யங் சந்தியில் வேலை கஷ்டமானது என்று தெரியும். 1954இல் திறந்த பழைய சுரங்க நிலையத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதற்குக் கீழே புது நிலையம் கட்ட வேண்டும், பழைய கொங்கிறீற்றில் குறைகள் வேறு கண்டார்கள். ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பக்கம் நிலத்துக்கு மேலே, வீதிக்கு நடுவே, எல்லாரும் பார்க்கக் கிடக்கிற பாதை. கிழக்கை மட்டுமாவது திறக்கலாமே என்று கேட்டால், பணிமனை மேற்கே மவுண்ட் டெனிஸில் இருக்கிறது, அதனால் முடியாது என்று அலுவலக நண்பர் ஒருவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். அப்படியென்றால் இந்தக் காலி வண்டிகள் எந்த வழியால் எங்கள் சந்திக்கு வருகின்றன? அதே சுரங்கத்தால்தானே வருகின்றன?

மேற்கே லிட்டில் ஜமேக்காவில் கடைகளுக்கு முன்னால் வருடக்கணக்காக வேலி அடைத்து வைத்ததில் எத்தனை பேர் கடையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். இதே வீதியில் 1994இல் சுரங்கம் தோண்டத் தொடங்கி, 1995இல் ஆட்சி மாறி, தோண்டிய குழியைத் திரும்ப மண் போட்டு மூடியதும் இந்த மாகாண அரசுதானே! நகரின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இருக்கிற எங்களுக்கு இரட்டை அடி. எங்களிடம் இருந்த ஸ்காபரோ ரயில், 1985இல் இருந்து ஓடியது, 2023 யூலையில் தடம் புரண்டது, அதோடு முடிந்தது. அதற்குப் பதிலாகச் சுரங்க ரயில் வரும்வரை அங்கேயும் பஸ்தான். கென்னடி நிலையத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய் நின்று பாருங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஊரில் ஓடிய யாழ்தேவி ரயிலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். 1990 யூனில் சண்டையோடு யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி நின்றது, 2014 ஒக்ரோபரில் திரும்ப வந்தது. "அது சண்டை ராசா. தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை, எல்லாம் பங்கருக்குப் போட்டது. இஞ்ச என்ன சண்டை?" நான் அந்த இடத்தில் வாயடைத்துப் போனேன். 2009இல் சண்டை முடிந்தபோது ஓமந்தைக்கு வடக்கே பாதை என்று ஒன்றே இல்லை. கண்ணிவெடி எடுத்து, 140 கிலோமீற்றருக்கு மேல் புதிதாகப் போட்டு, 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறைக்கே ரயில் போய்விட்டது. அங்கே சுரங்கம் இல்லை, பெரிய நகரம் இல்லை, ஒப்பிடக் கூடாது என்று யாராவது சொல்ல வருவீர்கள். வராதீர்கள். நேற்றுக் குளிருக்குள் நின்று என் அம்மாவின் கை நீலமாகிப்போய் இருந்தது, நான் ஒப்பிடுவேன்.

பிந்துவதைக்கூடப் பொறுக்கலாம். எங்களிடம் ஒரு வார்த்தை உண்மை சொன்னால் போதும். இது இன்ன காரணத்தால் இன்ன மாதம்வரை ஓடாது, அதுவரை இந்த வீதியில் இத்தனை பஸ் கூட விடுகிறோம், தரிப்பிடத்தில் ஸ்னோவை நாங்கள் அள்ளுகிறோம். இதைச் சொல்ல எத்தனை பில்லியன் வேண்டும்?

அம்மா இறங்கும்போது கேட்டார், மே மாதம் கோச்சியில் போகலாமோ என்று. பார்ப்பம் அம்மா என்றேன். பதின்மூன்று வருடமாக அவர்கள் எங்களுக்குச் சொல்வதையே நானும் என் அம்மாவுக்குச் சொன்னேன், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால், விடிய ஆறு மணிக்கு எழும்பி நான் அள்ளித் துப்புரவாக்கிய வாசலை மறித்து, வீதி ஸ்னோ முழுவதையும் பனி தள்ளுகிற வண்டி அங்கே கொண்டுவந்து குவித்துவிட்டுப் போயிருக்கிறது. தெருவின் மற்றப் பக்கம் ஒரு வீட்டு வாசலிலும் ஒரு கட்டிகூட இல்லை! எல்லாம் எங்கள் பக்கம்! கல்லுப்போல இறுகிப்போன கட்டிகள், அலவாங்கு இருந்தால்தான் உடையும். அம்மாவை உள்ளே விட்டுவிட்டுச் சவளை எடுத்தேன்.