மெடிக்கல் வேறு, திறனறி சோதனை வேறு
"முதலாம் வகுப்பு மெடிக்கல் (பைலட்டுக்கான மருத்துவச் சான்றிதழ்) கிடைச்சிட்டா, சொந்தக் காசில பைலட்டுக்குப் படிக்கிறவருக்கு வேற சோதனை தேவையில்ல" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். லைசென்ஸுக்குத் திறனறி சோதனை கட்டாயமில்லைதான். ஆனால் மெடிக்கல் பார்ப்பது கண், காது, இதயம் போன்றவற்றை. கருவிகளைக் கவனித்தபடியே ரேடியோவுக்குப் பதில் சொல்லி, மனக்கணக்கும் போட வருமா என்று அது பார்க்காது; அதைப் பார்ப்பதுதான் திறனறி சோதனை. ஏ.எல் கணிதப் பிரிவில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கும் இது தனிச் சோதனைதான். பல விமான நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கும்போது இதை வைக்கின்றன; அதற்குள் காசு முழுக்கக் கட்டி முடிந்திருக்கும். மட்டக்களப்பில் காணியை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்ப நினைக்கிற அம்மா அப்பாமாரே, முற்பணம் கட்ட முதல் இதைச் செய்வியுங்கள். அதுவும் பயிற்சிப் பாடசாலையோடு சம்பந்தமில்லாத இடத்தில். பிள்ளை சேர்ந்தால்தானே பாடசாலைக்கு வருமானம்.