கம்பி எடுத்த பிறகுதான் கதையே
'சின்ன அறுவைதான், அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்' என்று சுத்தியல் விரல் (நடுமூட்டில் மடங்கிப்போன கால்விரல்) பற்றிய கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். போகலாம், சரி. அதற்குப் பிறகு நடப்பதையும் சொல்லியிருக்கலாம். மடங்கிய விரலை நிமிர்த்த நடுமூட்டில் கொஞ்சம் எலும்பை எடுத்துவிட்டு, விரல் நுனி வழியாக மெல்லிய கம்பி செருகுவார்கள். 4 முதல் 6 வாரம் அது வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அதை உருவும்போது வலிக்குமோ என்று என் அக்காவுக்கு ஒரே பயம்; அது ஒரு நொடியில் முடிந்தது. படுத்தியது வீக்கம்தான். பழைய செருப்பு நுழையவே மாதக்கணக்கில் ஆனது. இது சிக்கல்கூட அல்ல, பலருக்கும் நடப்பதுதான். யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் அத்தனை பதறியிருக்க மாட்டாள்.

உண்மையான சிக்கல்கள் வேறு: கம்பி வழியே சீழ், மரத்துப்போதல், விரல் மறுபடி வளைவது. பாத எலும்பைக் குறுக்கும் 'வீல்' (Weil) என்ற அறுவையும் சேர்ந்தால் விரல் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கலாம். அப்புறம், எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டவில்லை என்றாலே தோல்வி என்று நினைக்க வேண்டாம். நார்த்திசு பிடித்துக்கொண்டு வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு.

அழகுக்காகவும் செய்துகொள்ளலாம் என்ற உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கலாம். காலில் ரத்த ஓட்டம் பார்க்காமல் அவர்களுக்குக் கத்தி வைக்கக் கூடாது. ஆனால் மடங்கிய விரல் நுனியில் ஆறாத புண் இருந்தால், அடிப்பக்கத் தசைநாரைச் சிறு துளை வழியே வெட்டிவிடுவது நல்ல பலன் தருகிறது. பாரம் பக்கத்து விரலுக்கு மாறி அங்கே புண் வரலாம் என்பதால், பிறகும் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.