யேய்க்கு எந்த ஊர்?

என் கம்போடியத் தோழி ஒருத்தி இரண்டு வருட முதுகலைப் படிப்புக்காக அமெரிக்கா வரப்போகிறாள். கூடவே கணவர், ஒன்பது வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள், அப்புறம் அவளுடைய அம்மா. மூன்று ஊர்களில் இடம் கிடைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் லாங் பீச், மாசசூசெட்ஸில் லோவெல், அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சின்னக் கல்லூரி ஊர். மூன்றாவதில் பாதிக் கட்டணம் தள்ளுபடி. "பாங், நீங்கள் எதைச் சொல்வீர்கள்?" என்று கேட்டாள். கம்போடியர்களின் கெமர் மொழியில் பாங் என்றால் மூத்தவர், இங்கே அக்கா. நாலு வருடம் ஒரே திட்டத்தில் இணையம் வழியாகச் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். அப்படிக் கூப்பிட்டுக் கேட்டால் யோசித்துத்தானே பதில் சொல்ல வேண்டும்?

அவள் விசாரித்த எல்லோரும் மூன்றாவது ஊரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வாடகை குறைவு, கட்டணம் பாதி, அமைதியான இடம், நல்ல பள்ளிக்கூடம். நான் வேண்டாம் என்றேன். ஃபோனில் காரணத்தைக் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு குடும்பங்களுக்கும் பயன்படலாம்.

படிக்க வருகிறவளுக்கு எந்த ஊரிலும் ஒரு வகுப்பறை இருக்கிறது. போய் உட்கார்ந்துவிடலாம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மாணவர் குடும்பத்துக்கான எஃப்-2 விசாவில் வரும் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் படிக்கலாம், மூன்று மாதத்தில் விளையாட்டுத் தோழர்களும் கிடைத்துவிடுவார்கள். மீதி இருப்பது இரண்டு பேர். அதே எஃப்-2 விசாவில் வரும் கணவர் இங்கே வேலை பார்க்கக் கூடாது. இருபது வயதிலிருந்து வேலைக்குப் போய்வந்த மனிதர், இரண்டு வருடம் வீட்டில். இன்னொருவர் பாட்டி. கெமரில் யேய். வயது 68. ஆங்கிலம் தெரியாது, கார் ஓட்டத் தெரியாது. ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டு பேருக்காகத்தான், அதிலும் முதலில் யேய்க்காக.

இதை நான் என் அம்மாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். 2014-இல் நாங்கள் ஒஹையோவில் ஒரு புறநகரில் இருந்தபோது அம்மா ஆறு மாதத்துக்கு வந்தார். பெரிய வீடு, புல்வெளி, தெருவில் நடைபாதை கிடையாது. பகல் முழுக்க அவர் பார்த்த ஒரே வெளி ஆள் தபால்காரர்தான். அவரிடமும் சிரிப்பு மட்டும்தான், பேச மொழி இல்லை. பதினோராவது வாரம் டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று கேட்டார். நாங்கள் அவருக்குப் பிடித்த சாப்பாடு வாங்கி வைத்திருந்தோம், தமிழ்ச் சேனல் போட்டு வைத்திருந்தோம். காலையில் கதவைத் திறந்தால் நடந்து போக ஓர் இடமும், போன இடத்தில் நாலு வார்த்தை பேச ஆளும் அவருக்கு வேண்டும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. பிறகு வேலை மாறி, கலிபோர்னியாவில் இந்தியக் கடைகள் நிறைந்த ஆர்ட்டீசியா பக்கம் வந்தோம். 2019-இல் அதே அம்மா வந்து ஆறு மாதமும் முழுசாக இருந்துவிட்டுப் போனார்.

ஆர்ட்டீசியாவிலிருந்து லாங் பீச் பக்கம்தான். அதனால் அந்த ஊரைப் பார்த்தே சொல்கிறேன். அனஹைம் தெருவில் அட்லாண்டிக் அவென்யூவிலிருந்து ஜூனிபெரோ அவென்யூ வரைக்கும் உள்ள பகுதிக்கு 2007-இல் நகராட்சி 'கம்போடியா டவுன்' என்று அதிகாரபூர்வமாகப் பெயர் வைத்தது. மளிகைக் கடை, நகைக் கடை, துணி தைக்கும் இடம், நூடுல்ஸ் கடை எல்லாவற்றிலும் கெமர் எழுத்துப் பலகைகள். அந்த எழுத்தைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு நெருக்கம் தோன்றும். பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது அது. யேய் அந்தத் தெருவில் யார் துணையும் இல்லாமல் கடைக்குப் போய், தன் மொழியிலேயே விலை கேட்டு, எலுமிச்சைப் புல்லும் ப்ரஹோக்கும் வாங்கி வரலாம். ப்ரஹோக் என்பது மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்த கூழ். அது இல்லாமல் அவர்கள் சமையல் இல்லை. அதே தெருவில் இருக்கும் மார்க் ட்வைன் கிளை நூலகத்தில் கெமர் புத்தகங்களுக்குப் பெரிய தொகுப்பு இருக்கிறது. கணவருக்கு நான் முதலில் காட்டப்போவது அதைத்தான்.

இத்தனை கெமர் மக்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்பதும் இந்தக் குடும்பத்தோடு ஒட்டிய கதை. 1950களின் கடைசியிலும் 60களிலும் கம்போடியாவிலிருந்து மாணவர்கள் லாங் பீச்சில் உள்ள மாநிலக் கல்லூரிக்குப் படிக்க வந்தார்கள். 1975-இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நாட்டைப் பிடித்ததும், அதே கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டன் ராணுவ முகாமுக்கு வந்து சேர்ந்த அகதிகளுக்குக் கை கொடுத்தவர்களில் அந்த மாணவர்களும் உண்டு. தெரிந்தவர் இருக்கும் ஊருக்குத்தானே மனிதர்கள் போவார்கள்? 1979-க்குப் பிறகு தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து வந்தவர்களும் அங்கேயே சேர்ந்தார்கள். இன்று ஆசியாவுக்கு வெளியே கம்போடிய மக்கள் மிக அதிகமாக வாழும் நகரம் அது. படிக்க வந்தவர்கள் போட்ட வழி அது. என் தோழி சேரப்போவதும் அதே கல்லூரியில்தான், இன்று அது பல்கலைக்கழகம்.

1975 ஏப்ரலில் யேய்க்குப் பதினெட்டு வயது. கெமர் ரூஜ் ஆண்ட அந்த மூன்று வருடம் எட்டு மாதத்தில் அவர் யார் யாரை இழந்தார் என்று மகளுக்கே முழுசாகத் தெரியாது. 1980களில் லாங் பீச் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கம்போடியப் பெண்கள் பார்வை போய்விட்டது என்று மருத்துவர்களிடம் வந்தார்கள். பரிசோதித்தால் கண்ணில் கோளாறே இல்லை. பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்த பெண்கள் அவர்கள். அந்தத் தலைமுறைக்கு ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் இருக்கும் ஊர் வேண்டும். விகாரையில் பக்கத்துப் பாயில் உட்காரும் அம்மாளுக்கும் அதே வருடங்கள் இருக்கும். யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பாதிக் கட்டணம் தள்ளுபடி செய்யும் ஊரில் இது எந்த விலைக்கும் கிடைக்காது.

லோவெல்லை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெர்ரிமாக் ஆற்றங்கரையில் பழைய துணி ஆலை ஊர், அமெரிக்காவில் கெமர் மக்கள் அதிகம் வாழும் நகரங்களில் லாங் பீச்சுக்கு அடுத்தது. அங்கோர் நடனக் குழு 1986-இலிருந்து அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. ஆற்றில் நீர்த் திருவிழா 1997-இல் தொடங்கியது. கெமர் மக்கள் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியர்களுக்கென்றே 2000-இல் ஒரு மருத்துவப் பிரிவு திறந்தார்கள். அமெரிக்காவின் முதல் கம்போடிய வம்சாவளி மேயர் 2022-இல் பதவியேற்றதும் அந்த ஊரில்தான். ஊர் சின்னது, பாஸ்டனுக்கு ரயில் உண்டு, மாசசூசெட்ஸ் பள்ளிகளின் தரம் எல்லோருக்கும் தெரியும். யேய் வராமல் மற்ற நாலு பேர் மட்டும் வருவதாக இருந்தால் நான் லோவெல்லைத்தான் சொல்லியிருப்பேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை அந்தப் பனிதான் என்னைத் தடுக்கிறது. வாழ்நாளில் கம்பளிக் கோட்டு போடாத 68 வயது அம்மாள் உறைந்த நடைபாதையில் ஒருமுறை வழுக்கி விழுந்தால், அப்புறம் கதவைத் திறக்கவே மாட்டார்.

கலிபோர்னியாவிலேயே கெமர் மக்கள் வாழும் இன்னோர் ஊரான ஸ்டாக்டனைப் பற்றியும் கேட்டாள். வாடகை குறைவு, பிரமாண்டமான வண்ணச் சிலைகளோடு விகாரை உண்டு. ஆனால் படிப்பு அங்கே இல்லை. லாங் பீச்சுக்குத் தினமும் போய்வரும் தூரமும் இல்லை.

லாங் பீச்சின் கஷ்டங்களையும் அவளிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 2000 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். வாடகை ஏறி ஏறிப் பழைய கெமர் குடும்பங்களே அந்தப் பகுதியை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 80களிலும் 90களிலும் அங்கே கும்பல் சண்டை மோசமாக இருந்தது. இப்போது எவ்வளவோ தேவலை, ஆனாலும் வீடு பார்க்கும்போது தெருவை இரவிலும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அதை நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரிய விகாரை வில்லோ தெருவில் இருக்கிறது, கம்போடியா டவுனிலிருந்து நடந்து போகும் தூரமில்லை. இன்னொன்றும் உண்டு. அகதியாக வந்தவர்களில் பலருக்கு இன்றைய புனோம்பென் அரசின் மேல் கோபம் தீரவில்லை. தோழியின் கணவர் அரசு வேலையில் இருந்தவர். முதல் சில மாதம் அரசியல் பேச்சில் பொறுமையாக, காது கொடுத்து இருப்பது நல்லது.

செலவுக் கணக்கை அவளோடு உட்கார்ந்து போட்டும் பார்த்தோம். மூன்றாவது ஊரில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கு கார்களுக்குப் போய்விடும். அங்கே ஒரு கார் போதாது. அனஹைம் தெருவில் பேருந்து ஓடுகிறது, பல்கலைக்கழகமும் அதே ஊரின் கிழக்குப் பக்கம். ஒரு காரோடு சமாளிக்கலாம். அப்படியும் லாங் பீச்சில் செலவு கூடத்தான். கூடட்டும் என்பதுதான் என் கருத்து.

யேய் வரும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். அவருக்குக் கிடைப்பது பி-2 வருகை விசா. விமான நிலையத்தில் பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எல்லோரோடும் ஆகஸ்டில் வந்தால் வீடே செட்டில் ஆகாத குழப்பத்தில் பாதி நாள் போய்விடும். மற்றவர்கள் முதலில் வரட்டும், யேய் மார்ச் கடைசியில் வரட்டும். ஏப்ரல் நடுவில் கெமர் புத்தாண்டு, நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருவது. அப்போது லாங் பீச்சே திருவிழாக் கோலத்தில் இருக்கும். செப்டம்பருக்குள் திரும்பினால், செத்துப்போன சொந்தங்களுக்குச் சோறு படைக்கும் ப்சும் பென்னுக்கு அவர் தன் ஊர் விகாரையில் இருப்பார். அந்தப் பதினைந்து நாளில் ஏழு விகாரைகளுக்குப் போய்வருவது அவர்கள் வழக்கம். அதை யேய் ஒரு வருடம்கூட விட்டதில்லையாம்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தோழி கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டும். கணவர் இன்னமும் லோவெல் பக்கமே சாய்ந்திருக்கிறார், பிள்ளைகளின் படிப்புக்காக. லோவெல், செல்ம்ஸ்ஃபோர்டு, வெஸ்ட்ஃபோர்டு பக்கம் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் கெமர் அக்கம்பக்கத்து வீடுகளில் வயதானவர்கள் ஜனவரி, பிப்ரவரியை எப்படிக் கழிக்கிறார்கள் என்று எழுதுங்கள். பகலில் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகும் வண்டி இருக்கிறதா, விகாரை திறந்திருக்கிறதா? நான் சொன்னது தப்பு என்றாலும் சொல்லுங்கள், அப்படியே அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.