ஹொக்கி மட்டும்தானா கனடா?

"கனடியர்களுக்கு நாட்டுப்பற்று வருவதே ஹொக்கி ஆட்டத்தன்றுதான்" என்கிறார், கனடியர்களின் ஐஸ் ஹொக்கிப் பெருமை பற்றி எழுதிய ஒரு கட்டுரையாளர். பாதிதான் சரி.

2025 பெப்ரவரியில் பொஸ்டனில் நடந்த நான்கு நாடுகள் ஹொக்கித் தொடரின் இறுதியாட்டத்தில், மேலதிக நேரத்தில் கனடிய வீரர் கானர் மெக்டேவிட் அடித்த கோலால் அமெரிக்கா 3-2 எனத் தோற்றது. ஹொக்கியின் விதிகூடத் தெரியாத என் அம்மா ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எழுந்து நின்று கைதட்டினார். மெக்டேவிட் யாரென்று அவருக்குத் தெரியாது. கனடாவை 51ஆவது மாநிலமாக்குவேன் என்று பேசிய டிரம்பை நன்றாகத் தெரியும்!

மற்ற நாட்களில் இந்தப் பெருமை கொஞ்சம் வேடிக்கையானது. வட அமெரிக்க ஹொக்கி லீக்கின் ஸ்டான்லி கிண்ணத்தை 1993இல் மொன்றியல் அணி வென்றது. அடுத்த முப்பது ஆண்டுகள் எந்தக் கனடிய அணியும் அதைத் தொடவில்லை. ஆனாலும் ரொறன்ரோவில் ஓர் ஆட்டத்துக்கு டிக்கெட் விலை கேட்டால் தலை சுற்றும். வலை பொருத்திய மட்டையால் பந்தை எறிந்து ஆடும் லக்ரோஸ் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்? பூர்வகுடிகள் தந்த அந்த ஆட்டம்தான் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி கோடைக்கால தேசிய விளையாட்டு. ஹொக்கிக்குக் குளிர்காலம் மட்டுமே. என் பிள்ளைகளின் பள்ளி நண்பர்களில் பலருக்கு இது தெரியாது.

என்னைக் கேட்டால், சட்டைப்பையில் இருக்கும் சுகாதார அட்டைதான் என் பெருமை. மருத்துவரைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டாமல் வெளியே வருகிறோம். அவசர சிகிச்சைப் பிரிவில் விடிய விடியக் காத்திருப்பதைப் பற்றியும் கட்டுரையாளர் எழுதட்டும்; அங்கே என் கருத்து இதைவிட நீளமாக இருக்கும்.