கிரீஸ் எதுக்குங் தம்பி?

மூணாவது தடவையா வண்டிக்கு அடியில படுத்து எந்திரிச்சு வந்து கைகூட சரியா கழுவாம டைப் பண்றேன், போன் ஸ்க்ரீன் பூரா பிசுபிசுன்னு இருக்கு, பரவால்ல, இதைக் கொட்டித் தீர்த்தாதான் எனக்கு சோறு எறங்கும்.

நம்மது பழைய செடான். வால்பாறைக்கு அடிக்கடி போவோம். ஆழியார் தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் வண்டி ஒரு பக்கமா சாயும், அம்மா பின்னாடி கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு முருகா முருகான்னே வருவாங்க. சரி, பின்னாடி கொஞ்சம் தடியா ஒரு ஸ்வே பார், நம்மூர் மெக்கானிக் பாஷையில ஸ்டெபிலைசர் ராடு, போட்டா அடங்கும்னு ஆறு மாசம் காசு சேத்து வாங்கினேன். ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கற கம்பிங்க அது, வண்டி சாயறப்ப முறுக்கிக்கிட்டு எதிர்த்து நிக்கும். வண்டியோட வந்தது 16 மிமீ, இது 19. ரெண்டுமே கெட்டிக் கம்பிதான், குழாய் இல்ல. மூணு மில்லிமீட்டர்ல என்ன ஆகப்போகுதுன்னு கேக்காதீங்க, கம்பியை முறுக்கறப்ப விறைப்பு விட்டத்தோட நாலாவது அடுக்குல ஏறும், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ரெட்டிப்பு வரும்.

பார்சல்ல ராடு, ராடைச் சுத்திப் புடிக்கற வளையமா ரெண்டு சிவப்பு பாலியூரித்தேன் (கெட்டி பிளாஸ்டிக் மாதிரி) புஷ், அதை வண்டியோட சேத்துப் புடிக்க ரெண்டு பிராக்கெட், அப்புறம் ஷாம்பு பாக்கெட் சைஸ்ல கொஞ்சூண்டு கிரீஸ். அந்தப் பாக்கெட்தாங்க பிரச்சனையே.

மாட்டறதுக்கு ஒரு கடையில விட்டேன். பேர் வேண்டாம். "அண்ணா, இந்த கிரீஸை புஷ் உள்ள தடவிட்டு மாட்டுங்ணா"ன்னு மூணு தடவை சொன்னேன். "கிரீஸ் எதுக்குங் தம்பி, கம்பெனி வண்டியில எவன் தடவறான், நாங்க இருவது வருசமா மாட்டறோம்"னாரு. அண்ணா, கம்பெனி புஷ் ரப்பருங்ணா! ரப்பர் ராடைக் கவ்விப் புடிச்சுக்கும், ராடு திரும்பினா அதுவும் கூடவே முறுக்கிக் குடுத்துட்டு பழைய இடத்துக்கு வந்துரும், அங்க எதுவும் வழுக்கவே வேண்டியதில்ல. பாலியூரித்தேன் அப்படி வளைஞ்சு குடுக்காது, ராடு அதுக்குள்ள வழுக்கித்தான் ஆகணும். காய வெச்சு மாட்டினா என்ன ஆகும்?

குய்ய்ய்க். மறுநாள் காலையில முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே. கோயமுத்தூர்ல ஸ்பீட் பிரேக்கருக்கா பஞ்சம், ஆபீஸ் போறதுக்குள்ள எலிக்குஞ்சு வளக்கறவன் மாதிரி ஆயிட்டேன். இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறி எறங்கறப்ப அந்த ராடு முறுக்கறதே இல்ல, ஒரு வேலையும் செய்யாம சும்மா புஷ்ஷுக்குள்ள உருளுது, சும்மா உருளறதுக்குத்தான் இந்தக் கத்து. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் இப்பல்லாம் ஹாரனுக்கு வெயிட் பண்றதில்ல, சத்தம் கேட்டதுமே கேட்டைத் தொறந்துடறாரு.

திரும்பப் போனா "ஓட ஓட செட் ஆயிரும்". ரெண்டு வாரம் ஓட்டினேன், ஆகல. அடுத்து வெளியில இருந்தே துரு எடுக்கற ஸ்ப்ரேயைப் புஸ்ஸுன்னு அடிச்சு விட்டாரு, ரெண்டு நாள் அமைதி, மூணாம் நாள் முன்னைவிட ஜாஸ்தி. அப்புறம் ஒரு வழியா கழட்டி டின்ல கெடந்த கருப்பு கிரீஸை அப்பினாரு. ஐப்பசி மழை ரெண்டு பெய்ஞ்சுது, டயர் அடிக்கற தண்ணியில அது கரைஞ்சு போய் மிச்சத்துல மண்ணு ஒட்டி, இப்ப குய்க்கோட சேத்து நறநறன்னு வேற. செட்டிபாளையத்துல ரேஸ் டிராக் வெச்சிருக்கற ஊருங்க இது!

சரின்னு ஞாயித்துக்கிழமை நானே எறங்கிட்டேன். முதல்ல சிலிகான் கிரீஸ் வேணும். ஹார்டுவேர் கடையில கேட்டா பாத்ரூம் ஓட்டை அடைக்கற சிலிகான் ட்யூபை எடுத்து நீட்டறாங்க. ரெண்டு கடை இல்ல, நாலு கடை. கடைசியில ஆர்ஓ ஃபில்டர் சர்வீஸ் பண்றவர் கிட்ட கெடச்சுது, ஓ-ரிங்குக்குத் தடவ சின்ன டப்பாவுல வெச்சிருந்தாரு, புண்ணியவான்.

அடியில போய் பாத்தா வயிறு பத்திக்கிச்சு. ஸ்டெபிலைசர் ராடு நுனியைச் சக்கரத்துப் பக்கம் சேக்கற குட்டிக் கம்பிதான் லிங்க் ராடு, அதை மாட்ட நுனியில ரெண்டு ஓட்டை இருக்கு. அது இடது பக்கம் வெளி ஓட்டையில, வலது பக்கம் உள் ஓட்டையில! உள்ள மாட்டினா ஸ்டெபிலைசரோட வளைஞ்ச கை நீளம் கம்மி, விறைப்பு கூடும், ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டையில இருக்கணும்னு சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஏன் அப்படிப் போட்டிருப்பாருன்னு யோசிச்சேன், ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கியிருக்காரு, அந்தப் பக்க சக்கரம் ராடை இழுத்துப் புடிச்சிருக்கும், ஓட்டை நேரா வந்திருக்காது, கிட்ட வந்த ஓட்டையில நெம்பித் தள்ளிட்டாரு. ரெண்டு பக்கமும் சமமா தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தியிருந்தா கையாலயே உள்ள போயிருக்கும். அது மட்டுமா, நட்டைத் திருப்பறப்ப போல்ட்டும் கூடவே சுத்தும், அதுக்குத்தான் நுனியில ஆலன் கீ போட குழி இருக்கு, அண்ணன் வைஸ் கிரிப்பை வெச்சு இறுக்கிப் புடிச்சிருக்காரு, லிங்க் மூட்டை மூடற ரப்பர் பூட் கிழிஞ்சு தொங்குது.

புஷ்ஷைப் பிரிச்சா உள்ள எள்ளுருண்டை மாதிரி மண்ணும் கருப்பு மையும். கிரீஸ் தங்கறதுக்குன்னே உள்பக்கம் குறுக்கும் நெடுக்குமா கோடு போட்டிருக்கான், அது பூரா அடைச்சுக் கெடக்கு. ராடு மேல பெயிண்ட் தேஞ்சு வளையம் மாதிரி வெறும் இரும்பு மின்னுது. பல் தேய்க்கற பிரஷ்ல அரை மணி நேரம் தேய்ச்சு, ராடு மேல பிளம்பர் வெள்ளை டேப்பை ரெண்டு சுத்து சுத்தி, சிலிகானைத் தாராளமா தடவி மாட்டினேன். ஸ்பீட் பிரேக்கர்ல சத்தமே இல்ல. கிழிஞ்ச லிங்க் மட்டும் டக் டக்குங்குது, அதுக்குத் தனியா தண்டம் அழணும்.

இப்ப ஏன் இவ்வளவு காண்டுன்னா, ஆலன் கீ தேடறப்ப டேஷ்போர்டுல அந்தக் கடை பில்லு கெடச்சுது. லேபர் 1200. அதுக்குக் கீழ அவரு கையெழுத்துலயே: கிரீஸ், 80 ரூபா.