தையல் வகுப்பு மாணவி

கல்லடியில் மாமி வீட்டு விறாந்தை. மாலை ஐந்து மணி. மாமிக்கு 56 வயது, மாதர் சங்கத் தையல் வகுப்பில் சேர்ந்து மூன்றாவது கிழமை. மருமகன் கெம்பஸில் படிக்கிறவன். பிளேன்ரீ குடிக்க வந்தான், மடிக்கணினியோடு வந்ததுதான் பிழை.

மாமி: இரு மனே, ஓடாதே. அமெரிக்காவில் என் அக்காவின் பேரன் கெம்பஸ் போன முதல் கிழமையே இணையக் கடை அமேசானின் 'பிரைம்' சந்தாவில் சேர்ந்துவிட்டானாம். மாணவர் என்றால் முதலில் இலவசமாம். எனக்கும் ஒன்று போட்டுத் தா.

மருமகன்: உங்களுக்கா?

மாமி: ஏன், நான் மாணவி இல்லையா? திங்களும் வியாழனும் போகிறேன். வரவுப் புத்தகத்தில் முதல் பெயர் என்னுடையது. நேற்று வகுப்பில் கதைத்தேன் என்று டீச்சர் எழுப்பிக்கூட விட்டார். மாணவி இல்லாதவளை எழுப்புவாரா?

மருமகன்: அதில்லை மாமி. படிக்கிற இடத்து மெயில் வேண்டும்.

மாமி: உன்னிடம் இருக்குமே, அதைப் போடு.

மருமகன்: என்னுடையது 'டொட் ஏசி டொட் எல்கே' என்று முடியும். இலங்கைக் கெம்பஸ்களுக்கு அதுதான். இவர்கள் வழக்கமாகக் கேட்பது 'டொட் ஈடியூ'. 2001க்குப் பிறகு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற படிப்பகங்களுக்குத்தான் அதைப் புதிதாகக் கொடுக்கிறார்கள்.

மாமி: ஏசி போட்ட மெயிலே கூடாதா? எங்கள் வகுப்பில் ஃபேன்கூட இல்லை. சரி, நீ நிரப்பு. எந்தக் கந்தோரிலும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

(மருமகன் நிரப்பத் தொடங்குகிறான். மாமியிடம் வாதாடி வென்றவர் அந்த ஒழுங்கையில் எவரும் இல்லை. மாமாகூட 1994க்குப் பிறகு முயற்சி செய்யவில்லை.)

மருமகன்: படிப்பு முடிகிற ஆண்டு கேட்கிறது.

மாமி: உன் ஆண்டைப் போடேன்.

மருமகன்: அது எனக்கே தெரியாது. உயர்தரம் எழுதியது 2019. 2020க்குக் கொரோனா வந்தது. 2022க்குப் பெட்ரோல் வரிசை வந்தது. நாலு வருடப் படிப்புக்கு இன்னும் முடிவு வரவில்லை.

மாமி: எனக்கு டிசம்பரில் முடியும். சட்டை வெட்டத் தெரிந்தால் சான்றிதழ். என் ஆண்டையே போடு, அது உறுதி.

மருமகன்: மறுகா, விலாசம்.

மாமி: கல்லடி, மட்டக்களப்பு, 30000.

மருமகன்: இது அமெரிக்க விலாசம் கேட்கிற படிவம்.

மாமி: ஐந்து பெட்டி இருக்கிறது, ஐந்து இலக்கமும் அளவாக விழுந்திருக்கிறது பார்!

மருமகன்: மாநிலமும் கேட்கிறதே. ஐம்பது மாநிலத்தில் கிழக்கு மாகாணம் இல்லை. அஞ்சல் இலக்கம் 300 என்று தொடங்கினால் ஜோர்ஜியா மாநிலமாம்.

மாமி: ஜோர்ஜியாவில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

மருமகன்: ஒருவரும் இல்லை.

மாமி: அப்ப வேண்டாம். ஆள் இல்லாத ஊருக்குச் சாமான் போனால் எவன் எடுத்து வைப்பான்? அதை விடு, மாணவருக்குச் சும்மா கொடுத்து அவர்களுக்கு என்ன லாபம்? எனக்கு அது பிடிபடவில்லை.

மருமகன்: 2010இல் அங்கே மாணவர் சந்தாவைத் தொடங்கும்போது ஒரு வருடம் இலவசமாக விட்டார்கள். பிறகு ஆறு மாதமாகக் குறைத்தார்கள். அது முடிந்தால் மற்றவர்கள் கட்டும் சந்தாவில் பாதி. மாதம் 7.49 டொலர்.

மாமி: நம் காசில்?

மருமகன்: டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 2,247.

மாமி: வேண்டாம் என்றால்?

மருமகன்: ஆறு மாதம் முடிய முதல் நாமே போய் நிறுத்த வேண்டும். மறந்தால் கார்டில் தானாகக் கழியும். அதற்குத்தான் இலவசம் என்றாலும் கார்டு இலக்கத்தை முதலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள்.

மாமி: (நாற்காலியை இழுத்துக் கிட்டப் போட்டு) பன்னிரண்டு வருடமாகச் சீட்டுப் பிடிக்கிறவளிடம் இதைச் சொல்கிறாயே! ஆறு மாதம் சும்மா தயிர் தருவான், பிள்ளைகள் தயிர் இல்லாமல் சோறு தின்னாத நிலைக்கு வந்ததும் ஏழாம் மாதம் முட்டிக்குக் காசு கேட்பான். அவன் மாணவனைப் பிடிக்கவில்லை மனே, நாளைக்குச் சம்பளம் எடுக்கப்போகிறவனைப் பிடிக்கிறான்.

மருமகன்: (வாயைத் திறந்தபடி) மாமி, இதைத்தான் எங்களுக்குச் சந்தைப்படுத்தலில் ஒரு தவணை முழுக்கப் படிப்பித்தார்கள்.

மாமி: அதுதான் உனக்குப் படிப்பு முடியவில்லை. சரி, சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

மருமகன்: முக்கியமாக, இரண்டு நாளில் சாமான் வீட்டுக்கு வரும். கொண்டுவரக் கூலி இல்லை.

மாமி: கல்லடிக்கு?

மருமகன்: அமெரிக்காவுக்குள்.

மாமி: ...

மருமகன்: இங்கே அனுப்பினால் கூலி வேறு. கொழும்பில் சுங்கத்திலும் ஏதாவது கேட்கக்கூடும்.

மாமி: இதை முதலே சொல்லியிருக்கலாமே! மெயில், ஆண்டு, ஜோர்ஜியா என்று ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டு இப்போது சொல்கிறாய்.

மருமகன்: நீங்கள் எங்கே சொல்ல விட்டீர்கள்? உண்மையில் என்னதான் வாங்கப்போகிறீர்கள்?

மாமி: தையல் மெசினுக்குப் பொத்தான் துளை தைக்கிற பாதம். இந்த விரலளவுதான்.

மருமகன்: அதற்கா இவ்வளவும்? காத்தான்குடியில் இருக்குமே!

மாமி: இருக்கிறது. 650 சொன்னான். 500க்குக் கேட்டேன், கடைக்காரன் சிரித்தான். அதுதான் அமெரிக்காவையும் ஒருதரம் கேட்டுப் பார்ப்போம் என்று...

மருமகன்: இதோ இருக்கிறது மாமி. நாலு டொலர். இலங்கைக்கு அனுப்பக் கூலி பதினெட்டு.

மாமி: அந்தப் பக்கத்தை மூடாதே, அப்படியே வை. உன் கெம்பஸ் அட்டை எங்கே?

மருமகன்: பொக்கற்றில். ஏன்?

மாமி: மோட்டார்சைக்கிளை எடு. கடை பூட்ட முதல் காத்தான்குடிக்குப் போவோம். முதலில் இந்தப் பதினெட்டு டொலரைக் காட்டு, மறுகா அட்டையைக் காட்டு. மாணவருக்குக் கழிவு இருக்கிறதா என்று பணிவாகக் கேள்.

மருமகன்: பாதம் எனக்கா என்று கேட்டால்?

மாமி: வகுப்புத் தோழிக்கு என்று சொல்லு.